வேகவைத்த கடற்பாறை

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சிறிய கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. வருகிறவர்கள் முதலில் மீனைப் பார்க்கிறார்கள், பிறகு என்னைப் பார்த்து, "நீங்க வெச்சதா? பரவாயில்லையே!" என்கிறார்கள். நான் வைத்ததுதான். ஆனால் நான் வைத்த லட்சணத்திலேயே அது இருந்திருந்தால், இன்றைக்கு அந்த இடத்தில் ஒரு செருப்பு அலமாரி நின்றிருக்கும். அது தொட்டியாகவே நிற்பதற்குச் சிலருக்கு நான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் எந்த நன்றி யாருக்கு என்பது விளங்கும்.

முதலில் என் மச்சினன். என் மனைவியின் ஒரே தம்பி. படிப்பு முடிந்த கையோடு சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலைக்குப் போனவன். வருடத்துக்கு ஒரு முறை வருவான், வந்த வேகத்தில் போவான். இந்த முறை வந்தது ஆம்புலன்ஸில். இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போய், மாற்று வால்வு வைத்தார்கள். இனி கப்பல் வேலை கிடையாது, கனமான எதையும் தூக்கக் கூடாது, இரத்தம் உறையாமல் இருக்க நாள் தவறாமல் மாத்திரை, சில மாதங்களுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். எங்கள் வீட்டுப் பின்னறையை அவனுக்கு ஒழித்துக் கொடுத்தோம்.

அவன் அந்த அறைக்குள் போனான், கதவைச் சாத்தினான், அவ்வளவுதான். சாப்பாட்டுத் தட்டு உள்ளே போகும், பாதி காலியாகி வெளியே வரும். தாடி வளர்ந்துகொண்டே போனது. அவனுடைய கப்பல் பை, தார்ப்பாய் மாதிரி கனத்த, தண்ணீர் புகாத நீலப் பை, வாயைச் சுருட்டி மாட்டும் கொக்கி வைத்தது, கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் நின்றது. அதிலிருந்து அன்றன்றைக்கு ஒரு சட்டையை எடுப்பான், துவைத்துக் காய்ந்ததும் திரும்ப அதற்குள்ளேயே வைப்பான். அலமாரியில் அவனுக்காக இரண்டு தட்டுகளை என் மனைவி காலி செய்து வைத்திருந்தாள். அவை காலியாகவே கிடந்தன.

ஒரு நாள் காலை அவனே சொன்னான். துறைமுகத்துப் பக்கம் கப்பல்காரர்கள் விடுதி ஒன்று இருக்கிறதாம், மாதக் கடைசியில் அங்கே ஒரு அறை காலியாகிறதாம், போய்விடப் போகிறானாம்.

"அங்க உன்னை யாருடா பாத்துப்பா?" என்றாள் என் மனைவி.

"யாரும் பாக்க வேணாம்க்கா. இங்க எல்லாரும் என்னையேதான் பாத்துக்கிட்டு இருக்கீங்க. அதான் முடியல."

அவள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். நடுச்சாலையில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறவர்களிடம்கூடக் குரலை உயர்த்தாதவள். அன்றைக்குக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். தண்ணீர்ச் சத்தம் நெடுநேரம் கேட்டது.

வெளியே வந்ததும் என்னிடம், "அவனுக்குக் கடல் ஏக்கம்ங்க. வேற ஒண்ணும் இல்ல. கடலைப் பாத்துக்கிட்டே இருந்தவன் இப்ப சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கான். ஏதாவது பண்ணுங்க" என்றாள்.

நான் ஏதாவது பண்ணினேன். கடலை வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்று கிளம்பினேன்.

என் வேலையையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. நான் மருத்துவமனையில் கருவிகளைச் சுத்தம் செய்யும் பிரிவில் இருக்கிறேன். அறுவை அறையிலிருந்து வரும் கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி எல்லாம் எங்களிடம் வரும். ஊறவைத்து, தூரிகை போட்டுத் தேய்த்து, அலசி, நீராவி இயந்திரத்தில் ஏற்றி, உறையில் மூடி அனுப்புவோம். கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமிகூட எங்கள் கதவைத் தாண்டி உயிரோடு போகக் கூடாது. அது வேலை என்பது போய் என் சுபாவமாகவே ஆகிவிட்டது. வீட்டில் புதுக் கரண்டி வாங்கினால்கூட நான் வெந்நீரில் போடாமல் யாரும் தொடுவதில்லை. மச்சினன் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'சுத்தம்'. "சுத்தம் மாமா இருக்காரா?" என்றுதான் கப்பலிலிருந்து போன் பண்ணுவான்.

மீன் தொட்டிக் கடை, கடைத்தெருவில் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. உள்ளே போனால் நீல வெளிச்சமும் பம்புகளின் ரீங்காரமும். கடைக்காரம்மாவின் கை எப்போதும் முழங்கை வரை ஈரம். யாரோடு பேசினாலும் பார்வை ஏதாவது ஒரு தொட்டியில்தான் இருக்கும்.

"உப்புத் தண்ணியா? இதுக்கு முன்னாடி ஏதாவது வளத்திருக்கீங்களா சார்?"

"இல்லம்மா. முதல் தடவை."

"பொறுமை இருக்கா?"

"நிறைய இருக்கு."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. சொல்லிட்டு ரெண்டாம் நாளே மீன் கேட்டு வந்து நிக்குறாங்க."

அவர் சொன்னதை நான் ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டேன். தொட்டி ஆடாத மேசைமேல் இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் ஆகாது, வடிகட்டிய தண்ணீர்தான். கடல் உப்பைத் தனி வாளியில் கரைத்து, பம்பு ஓடவிட்டு, நன்றாகக் கலந்த பிறகே தொட்டிக்குள் ஊற்ற வேண்டும். உப்பின் அளவை மிதவைக் கருவி வைத்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் நல்ல தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும், ஏனென்றால் உப்பு ஆவியாவதில்லை. கடைசியில் ஒரு பெட்டியைத் திறந்து ஈரக் காகிதத்தில் சுற்றிய பாறைத் துண்டுகளை எடுத்தார். ஊதாவும் பச்சையும் பழுப்புமாக, துளை துளையாக இருந்தன.

"இதான் சார் உயிர்ப்பாறை. தொட்டிக்கு இதான் இதயம். போனதும் அப்படியே எறக்கிடுங்க. அப்படியே."

அந்த இரண்டாவது 'அப்படியே'வை நான் மதித்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து காகிதத்தைப் பிரித்தேன். வழவழவென்று கைக்கு ஒட்டியது. கடற்கரையில் வலை உலர்த்தும் இடத்து வாசனை. ஒரு துளைக்குள்ளிருந்து மயிரிழை போன்ற ஏதோ ஒன்று நீண்டு, என்னைப் பார்த்தது போல உள்ளே இழுத்துக்கொண்டது. இதய அறுவை முடிந்த நோயாளி இருக்கும் வீட்டில், அவனுக்காக வைக்கும் தொட்டியில், இதை இப்படியே இறக்குவதா? கடைக்காரம்மாவுக்கு மீன் தெரியும், கிருமி தெரியுமா? என் மனம் ஒப்பவில்லை.

மனைவி வேலைக்குப் போயிருந்தாள். பின்கட்டில் வெட்டவெளியில் அடுப்பை வைத்து, பெரிய பாத்திரம் ஏற்றினேன். பாறைகளைப் பழைய பல்துலக்கியால் சந்து சந்தாகத் தேய்த்தேன். கொதிக்க வைத்தேன். தண்ணீரை மாற்றி இன்னொரு முறை கொதிக்க வைத்தேன். எடுத்தபோது ஊதா போய், பச்சை போய், சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெளுத்து இருந்தன. எனக்கு அவ்வளவு திருப்தி. இவ்வளவு சுத்தமான கடல் உலகத்தில் எங்கும் கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னறை ஜன்னலில் மச்சினன் நின்று பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நான் கையை ஆட்டினேன். அவன் திரையை இழுத்துவிட்டான்.

தொட்டியை அவன் அறைக்கு எதிரே, கதவைத் திறந்தால் கண்ணில் படும்படி வைத்தோம். மணல், தண்ணீர், பாறை, ஹீட்டர், பம்பு, விளக்கு. மனைவி கதவைத் தட்டி, "தம்பி, வந்து பாரேன். உனக்காக மாமா கடலையே கொண்டாந்திருக்காரு" என்றாள்.

அவன் கதவை ஒரு சாண் திறந்து பார்த்தான். "நல்லா இருக்கு" என்றான். மூடிக்கொண்டான்.

அடுத்த சில நாட்களில் தண்ணீர் பால் கலந்தது போல ஆனது. நான் பொறுமையாக இருந்தேன். பிறகு நாறத் தொடங்கியது. அப்போதும் பொறுமையாக இருந்தேன். மனைவி ஊதுபத்தி ஏற்றி வைத்தாள், இரண்டும் சேர்ந்து இன்னும் மோசமானது.

பின்னறைக் கதவு தானாகத் திறந்தது அப்போதுதான். சட்டையின் கழுத்தை மூக்குக்கு மேல் இழுத்துக்கொண்டு மச்சினன் வெளியே வந்தான்.

"மாமா! நான் கழிவு எண்ணெய்த் தொட்டிக்குள்ள எறங்கி வேலை பாத்தவன். அதுகூட இப்படி நாறாது. என்னத்தைப் போட்டீங்க உள்ள?"

"ஒண்ணும் போடலியே. சுத்தமாத்தான் இருக்கு. இது கடல் வாசனை. உனக்குத் தெரியாதா? கடல்லயே இருந்தவன் நீ."

அவன் சட்டைக் கழுத்தை மூக்கிலிருந்து இறக்கினான். "மாமா, உங்களுக்கு யாரு சொன்னா நான் கடல்ல இருந்தேன்னு? நான் இருந்தது ஒரு இரும்பு டப்பாவுக்குள்ள. வெயில் தெரியாது, மழை தெரியாது. கடல் தண்ணி எஞ்சினைக் குளிரவைக்கக் குழாய்ல வரும், குழாய்ல போகும். மேல ஏறி வந்தா தூக்கம். மீனை நான் தட்டுல பாத்ததோட சரி."

சமையலறை வாசலில் நின்ற என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். கடல் ஏக்கம் என்று சொன்னவள் அவள், அதை நம்பியவன் நான்.

"அப்ப இத்தனை வருஷமா அங்க என்னத்தைடா பாத்துக்கிட்டு இருந்தே?" என்றாள்.

"பம்பைத்தான்" என்றபடி அவன் குனிந்து தொட்டி மேசையில் காதை வைத்தான். "இதை யாரு மாட்டினா? ஒரு மூலையில தண்ணியைச் சுவத்து மேல அடிச்சிக்கிட்டு இருக்கு. மேல தண்ணி அசையவே இல்ல. மூச்சு எப்படி விடும்?" சட்டைக் கையை மடித்து, பம்பைத் திருப்பி வைத்தான். தண்ணீரின் மேல்பரப்பு நெளிந்து சிலிர்த்தது. நாற்றம் குறையவில்லை. ஆனால் அவன் திரும்ப அறைக்குள் போகவும் இல்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அம்மோனியா பாக்குற மருந்து எங்க?" என்றான்.

தொட்டித் தண்ணீரைக் குப்பியில் எடுத்து, தொட்டியோடு சேர்த்து வாங்கிய சொட்டு மருந்தை விட்டோம். அம்மோனியா என்பது அழுகலிலிருந்து வரும் நஞ்சு. மஞ்சளாக இருந்தால் நல்லது, பச்சை ஏற ஏறக் கெட்டது. எங்களுடையது பாசி பிடித்த கிணறு மாதிரி இருந்தது.

அந்தக் குப்பியை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவருமே கடைக்குப் போனோம். அவனே வருகிறேன் என்றான். என் மனைவி கார் சாவியை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் போய் வண்டியில் உட்கார்ந்துவிட்டாள்.

கடைக்காரம்மா குப்பியை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "பாறை போட்டீங்கல்ல?"

"போட்டோம்மா."

"அப்படியே போட்டீங்கல்ல?"

நான் தொண்டையைச் செருமினேன். "கொஞ்சம் சுத்தம் பண்ணிட்டு..."

"எப்படி சுத்தம் பண்ணீங்க?"

"கொதிக்க வெச்சு."

கடைக்காரம்மா முதல் முறையாகத் தொட்டிகளிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "பாறையை வேகவெச்சீங்களா?"

"ரெண்டு தடவை" என்றான் மச்சினன், எனக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு. "நான் ஜன்னல்லேர்ந்து பாத்தேன். மாமா கல்லுல சூப்பு வெக்கிறாருன்னு நினைச்சேன்."

"பாத்துட்டு சும்மாவா இருந்தே?" என்றேன் அவனிடம்.

"எனக்கென்ன தெரியும்? மீன் தொட்டி வெக்குறதுல அது ஒரு கட்டம் போலன்னு விட்டுட்டேன்."

கடைக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டார், ஈரக்கை என்பதால் நெற்றியில் தண்ணீர் வழிந்தது. "சார், வெளியில வெச்சு வேகவெச்சீங்களோ, பொழைச்சீங்க. சில பாறையில இருக்கிற விஷம் ஆவியோட ஏறினா மனுஷனுக்கே ஆகாது. அந்தப் பாறைக்குள்ள கண்ணுக்குத் தெரியாம கோடிக்கணக்குல குடியிருக்கு. மீனோட கழிவைத் தின்னு தண்ணியைக் காப்பாத்துறதே அதுங்கதான். நான் உயிரைக் குடுத்தேன், நீங்க பொணத்தை எறக்கியிருக்கீங்க. அதான் நாறுது."

வேலையில் ஒரு கிருமிகூடத் தப்பக் கூடாது என்று இருந்தவன் நான். கிருமி இல்லாததால் ஒரு இடம் நாறும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. மானம் போனது போல இருந்தது. அதை மறைக்க, "சரிம்மா, ரெண்டு மீனையாவது குடுங்க, மாதக் கடைசிக்குள்ள தொட்டி கொஞ்சம் உயிரா இருக்கட்டும்" என்றேன்.

"அந்தத் தண்ணிக்கு மீன் குடுத்தா எனக்குத் தூக்கம் வராது சார். குடுக்க மாட்டேன்."

"வேற பாறை?"

"கையில இருந்தது உங்களுக்குக் குடுத்ததுதான். அடுத்து எப்ப வரும்னு தெரியாது. செத்த பாறையை எடுத்துக் கடாசுங்க, தண்ணியை மாத்துங்க. எங்கயாவது கெடைச்சா போன் பண்றேன்."

அவர் அன்றைக்கு மீனை விற்றிருக்கலாம். வாங்க வந்தவனே கேட்கிறான், கொடுத்து அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. மீன் செத்திருக்கும், நானும் தொட்டியைக் கவிழ்த்து வைத்திருப்பேன். அந்த 'மாட்டேன்'தான் எனக்குக் கிடைத்த முதல் உதவி.

வீட்டுக்கு வந்து பாறையை அப்புறப்படுத்தினோம், தண்ணீரை மாற்றினோம். வாளி தூக்குவது நான், அதட்டுவது அவன். "மெதுவா ஊத்துங்க மாமா, மணல் கலங்குது." "தூக்காதடா!" என்பது என் மனைவி, அவன் ஒரு குவளையை எடுத்தால்கூட. அவன் காலையில் எழுந்ததும் வெப்பத்தைப் பார்த்தான், பம்பின் சத்தத்தைக் கேட்டான், ஆவியான அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றினான். மதியம் ஒரு முறை, மாலை ஒரு முறை. 'வாட்ச்' என்று அதற்குப் பெயர் சொன்னான். கப்பலில் முறை வைத்து எஞ்சினைப் பார்த்துக்கொள்வதாம் அது. மாத்திரையையும் அந்த நேரங்களிலேயே போட்டுக்கொண்டான், நாங்கள் நினைவுபடுத்தத் தேவை இருக்கவில்லை.

ஆனாலும் நீலப் பை இருந்த இடத்திலேயே இருந்தது. மாதமும் ஓடிக்கொண்டிருந்தது. "வெறுந்தண்ணிக்குக் காவல் இருக்கிற மாதிரி இருக்கு மாமா. விடுதிக்குச் சொல்லியாச்சு. போய்த்தான் ஆகணும்" என்று ஒரு நாள் அவனே சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்த நேரத்தில் கடைக்காரம்மா போன் பண்ணினார். அவருடைய பழைய வாடிக்கையாளர் ஒருவர், முடிதிருத்தும் கடைக்காரர், சாலையை அகலப்படுத்துவதால் கடையைக் காலி செய்கிறார். தொட்டியை இப்போதுதான் கலைத்துக்கொண்டிருக்கிறார். மீன்களை யாரோ வாங்கிக்கொண்டார்கள். பழுத்த பாறை, பல வருடப் பாறை, அப்படியே இருக்கிறது. சும்மாவே தருவார். "உடனே போங்க சார். அவர் தண்ணியோடயே வாங்கிக்குங்க. காஞ்சா போச்சு. வாளி எடுத்துக்கிட்டுப் போங்க."

வாளி. எங்கள் வீட்டில் வாளிக்குப் பஞ்சமில்லை. ஆனால் செத்த பாறை தங்கிய வாளிகளை நான் அன்று காலைதான் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊறவைத்திருந்தேன். எல்லாவற்றையும். பின்கட்டில் வரிசையாக மணத்துக்கொண்டு நின்றன.

போனிலேயே அதையும் சொன்னேன். மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "சார், உங்க கையைக் கட்டிப் போட ஆளே இல்லையா வீட்ல? பிளீச் வாசனை பட்ட எதுலயும் வெக்காதீங்க. திரும்பவும் கொல்லாதீங்க."

மனைவி கார் சாவியோடு நின்றாள். "பாத்திரத்துல தளும்பும். பள்ளியோட பயிற்சி வண்டி, உப்புத் தண்ணி கொட்டினா துருப்பிடிக்கும். வாயை மூடுற மாதிரி, ஒழுகாத மாதிரி ஏதாவது வேணும்."

மூன்று பேருக்கும் ஒரே பொருள்தான் நினைவுக்கு வந்தது. நானும் அவளும் அதைச் சொல்லவில்லை, அந்த அறைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவள் சாவிக்கொத்தைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

அவன் எழுந்து அறைக்குள் போனான். கொக்கி விடுபடும் சத்தம் கேட்டது. பிறகு கட்டில்மேல் துணிகள் பொத்தென்று விழும் சத்தம், ஒரு சவரப் பெட்டி விழுந்து உருளும் சத்தம். வெளியே வந்தபோது பையைத் தலைகீழாகப் பிடித்து உதறிக்கொண்டிருந்தான். ஒரு காலுறை என் காலடியில் வந்து விழுந்தது.

"என்ன ரெண்டு பேரும் நிக்கிறீங்க? பாறை காயுதுல்ல."

முடிதிருத்தும் கடையில் பாதிச் சாமான் போய்விட்டது. ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே தொட்டி. தலையைக் குனிந்துகொண்டு உட்காருபவர்களின் கண்ணுக்கு நேராக அதை வைத்திருந்தார்.

"குனியச் சொன்னா யாரும் குனியறதில்ல. மீனைப் பாருங்கன்னா தானா குனியறாங்க" என்றார் கடைக்காரர். பாறைகளை ஒவ்வொன்றாக, தூங்குகிற குழந்தையை மாற்றிப் படுக்க வைப்பது போல எடுத்துப் பைக்குள் வைத்தார். தண்ணீரை மொண்டு ஊற்றினார். "யாருக்குப் போகுதோன்னு கவலையா இருந்துச்சு. நீங்கதான் பாத்துக்கப் போறீங்களா தம்பி?"

கேட்டது மச்சினனிடம். ஏன் என்னைக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியாது. கடைக்காரம்மா போனில் என்னைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கலாம்.

மச்சினன் பையின் வாயைச் சுருட்டிக்கொண்டே இருந்தான். "பாத்துக்குறேன்" என்றான்.

"அப்ப உக்காருங்க. பாறை தண்ணியில இருக்கு, அதுக்கு அவசரமில்ல. இந்த மூஞ்சியோட என் கடையிலேர்ந்து யாரும் வெளிய போனதில்ல."

"இல்லண்ணே, ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுறேன். கத்தி பட்டா நிக்காது."

"கத்தி எதுக்கு? மெஷின்லயே எடுத்துடறேன்."

கடைசி நாற்காலியில் அவன் உட்கார்ந்தான். தாடி போகப் போக, உள்ளேயிருந்து என் கல்யாணத்தன்று என் தோளில் கை போட்டு நின்றவனின் முகம் வெளியே வந்தது, கொஞ்சம் மெலிந்து. என் மனைவி கடை வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானை நுனி அவள் கண்ணில் இருந்தது. தூசு, என்றாள்.

திரும்பும்போது நானும் கடைக்காரரும் பையைத் தூக்கி வண்டியில் வைத்தோம். பின் இருக்கையில் அவன் கால்களுக்கு நடுவே அது கனத்து நின்றது. அவன் இரண்டு கைகளாலும் அதன் வாயைப் பிடித்துக்கொண்டான். மனைவி நத்தை வேகத்தில் ஓட்டினாள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்து, பயிற்சிப் பலகையைப் பார்த்துவிட்டுப் பரிதாபத்தோடு சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருவர் ஜன்னலை இறக்கி, "பயப்படாதீங்க, பழகிடும்" என்று ஆறுதல் சொன்னார். பாதி ஊருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள், "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றாள் பவ்யமாக. பின்னால் மச்சினன் சிரித்தான். நெஞ்சு வலிக்கும் என்று ஒரு கையை மார்பில் வைத்து அழுத்திக்கொண்டு சிரித்தான்.

பாறைகளை அவன் சொன்ன இடத்தில் நான் இறக்கினேன். அப்படியே. கடைக்காரம்மா சொன்ன இரண்டாவது 'அப்படியே'வையும் சேர்த்து. விளக்கின் அடியில் ஊதா தெரிந்தது. ஒரு துளையிலிருந்து மெல்லிய செம்பழுப்புப் புழு ஒன்று தலையை நீட்டியது.

"புழு!" என்று என் கை தானாகப் பாய்ந்தது.

அவன் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். "மாமா, கையை எடுங்க. அது அதோட வீட்ல இருக்கு."

மாதக் கடைசி வந்தது. விடுதியிலிருந்து போன் வந்தபோது நாங்கள் மூவரும் கூடத்தில் இருந்தோம். மனைவி மடித்துக்கொண்டிருந்த துண்டையே பிரித்துப் பிரித்து மடித்தாள். அவன் போனைக் காதில் வைத்தபடி தொட்டியைப் பார்த்தான்.

"இல்ல சார், இப்ப வர முடியாது... உடம்புக்கு ஒண்ணுமில்ல. இங்க பம்பு, ஹீட்டர் எல்லாம் ஓடிக்கிட்டு இருக்கு, ஒரு ஆள் வாட்ச்ல இருக்கணும்... ஆமா, இருக்காரு ஒருத்தர். ஆனா அவரை நம்பி விட முடியாது. கொதிக்க வெச்சுடுவாரு."

அவமானப்பட வேண்டிய இடம்தான். எனக்கு அந்த நேரத்தில் அதைவிட இனிமையான வார்த்தையை யாரும் சொல்லிவிட முடியாது. என் மனைவி துண்டால் என் தோளில் ஒரு அடி அடித்தாள்.

அதன் பிறகு குப்பியில் மஞ்சள் வர இன்னும் கொஞ்ச காலம் ஆனது. கண்ணாடியில் பழுப்புப் பாசி படர்ந்தது, அது வந்தால் நல்லது என்றார் கடைக்காரம்மா, அதை மேய நத்தைகளைக் கொடுத்தார். கடைசியில் ஒரு நாள் குப்பியை வாங்கி விளக்கில் பார்த்துவிட்டு, ஒரு வலையை எடுத்து, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் இரண்டைப் பிடித்தார். பையை என் கையில் தரவில்லை, அவன் கையில் தந்தார்.

நீலப் பை பின்கட்டுக் கொடியில் தொங்குகிறது. உப்பு பூத்து, சிப்பி வாசனை ஏறி, இனி அதில் துணி வைக்க முடியாது. கட்டில்மேல் கொட்டிய துணிகள் வெகுநாள் அப்படியே குவிந்து கிடந்தன, அவன் சுவர் ஓரமாக ஒடுங்கிப் படுத்துக்கொண்டான். பிறகு ஒரு நாள் அலமாரியின் இரண்டு தட்டுகளிலும் சட்டைகள் இருந்தன. பெரிய ஒழுங்கில்லை. கை துறுதுறுத்தது, ஆனால் நான் அடுக்கப் போகவில்லை.

தொட்டிக்குள் கைவிட எனக்கு அனுமதி இல்லை. வெளிப்பக்கக் கண்ணாடி மட்டும் என் பொறுப்பு. உப்புத் தண்ணீர் தெறித்து வெள்ளையாகப் படிந்துகொண்டே இருக்கும். வேலைக்குப் போகும் முன் மெல்லிய துணியை நனைத்து மூலையிலிருந்து மூலைக்குத் துடைக்கிறேன். அந்த நேரம் அவனுடைய காலை வாட்ச். துடைத்த இடத்தில், மீன்களுக்கும் பாறைக்கும் அப்பால், மறுபக்கக் கண்ணாடியில் அவன் முகம் தெரிகிறது.

"இடது பக்கம் மேல கொஞ்சம் விட்டுட்டீங்க மாமா" என்கிறான்.

அங்கேயும் துடைக்கிறேன்.